ரூபாயின் கதையை ஆராய்ந்த மாணவர்

டாக்டர் பீமராவ் அம்பேத்கர் என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்திய அரசியல் சட்டம். அடுத்தபடியாகத் தீண்டாமையை எதிர்த்து அவர் நடத்திய போராட்டங்கள் நினைவுக்கு வரும். அவர் பொருளாதாரத்தில் பெரும் புலமை பெற்றவர் என்பதும், லண்டன் பல்கலைக் கழகம் அவருக்கு அளித்த உயர்ந்த பட்டம் ரூபாய்க்கும் பவுனுக்கும் இடையேயிருந்த மாற்று விகிதத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே கிடைத்தது என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்தி. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டுப் படிக்கும் மாணவர்களாகிய நாம் அவருடைய வாழ்க்கையின் இந்தப் பகுதியை அறிந்து கொள்வது பொருத்தமாகும்.

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைவீட்டு ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பெற்றோருக்கு அவர் பதினான்காவது குழந்தை. குடும்பம் மகார் வகுப்பைச் சேர்ந்தது. ஆதலால் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியை விரித்துத் தனியே உட்கார வேண்டும். தாகமெடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். அவன் வராத நாளில் தாகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிறுவன் படித்தான். தந்தையும் தம் வறுமையைப் பாராமல் மகனுக்குப் புத்தகங்கள் வாங்கித் தந்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பொருளாதாரத்தையும் அரசியலையும் பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913இல் தந்தை காலமானார். அதே ஆண்டில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படிக்க மூன்று ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் அளித்தார். தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். இது பவுனாகவே கணக்கிடப்பட்டது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மன் என்னும் பொருளாதார அறிஞரிடம் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றிக் கட்டுரை எழுதி 1915இல் எம்.ஏ. ஆனார். 1916இல் லண்டனுக்குச் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்துவிட்டது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று அனுமதி மட்டும் கிடைத்தது.

உடன்படிக்கைப்படி பரோடா அரசாங்கத்தில் வேலைக்குச் சென்றார். அமெரிக்கப் பட்டம் பெற்ற அவருக்கு அந்த நகரில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் இடம் பிடித்தார், அங்கிருந்தும் விரட்டப்பட்டார். வேலையை விட்டுப் பம்பாய்க்கு வந்தார். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கே சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் செய்த உதவி, நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கொடுத்த கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920 ஜூலையில் மீண்டும் லண்டனுக்குப் புறப்பட்டார்.

இந்த முறை அவர் கையிலிருந்தது ரூபாய். செலவு செய்ய வேண்டியதோ பவுன். அந்த ஆண்டில் ரூபாய்க்கு நேர்ந்த கதியை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1835 முதல் இந்தியாவில் வெள்ளி ரூபாயே பொது நாணயம். ஒவ்வொரு ரூபாயிலும் 165 கிரெயின் சுத்த வெள்ளி உண்டு. யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய் நாணயசாலையில் கொடுத்து, சிறு கூலி கழித்து, ரூபாயாக அடித்து வாங்கிக் கொள்ளலாம். ஆகவே வெள்ளியின் விலை எதுவோ அதுவே ரூபாயின் மதிப்பு. இங்கிலாந்தின் பவுனோ தங்கம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே விலை அதிகம் மாறாதிருந்த வரையில் தொல்லையில்லை. ஒரு ரூபாய் ஏறத்தாழ 2 ஷில்லிங், அதாவது பத்து ரூபாய்க்கு ஒரு பவுன் என்று இருந்தது.

1870க்குப் பிறகு நிலைமை மாறியது. ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்க நாணயத்துக்கு மாறியது. பிரான்சு முதலிய நாடுகள் வெள்ளி நாணயம் அடிப்பதைக் குறைத்துப் பிறகு நிறுத்தின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி மலைபோல் வந்து குவிந்தது. கேட்பாரற்ற வெள்ளி விலை சரிய, ரூபாயும் உடன் சரிந்தது. 1892-93இல் ஒரு ரூபாய்க்குச் சராசரியாக 15 பென்ஸ்தான் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து நம்மை ஆண்டவர்கள் இராணுவச் செலவு, கடன் வட்டி, ஓய்வுச் சம்பளம் என்று ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிப் பவுன் அளவுக்கு இந்திய வருவாயிலிருந்து லண்டனில் பெற்று வந்தனர். இதை ஈடுகட்டக் குடியானவனிடம் வசூலிக்க வேண்டிய ரூபாய் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போயிற்று.

1893இல் ஹெர்ஷல் குழுவின் யோசனைப்படி, பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவது நிறுத்தப்பட்டது. புது ரூபாய் வராததால் ரூபாய்க்குத் தட்டுப்பாடு உண்டாகி அதன் மதிப்பு ஏறியது. 1898இல் 1 ஷில்லிங் 4 பென்ஸ் நிலையை எட்டியது. ஃபவுலர் குழு இந்த விகிதத்தையே நிலையாக்கி, இந்தியாவிலும் தங்க நாணயம் புழங்க வேண்டுமென்று கூறியது. பதினைந்து ரூபாய் ஒரு பவுன் என்ற கணக்கு இவ்வாறு பிறந்தது. விகிதம் நிலைத்தது, தங்க நாணயசாலை மட்டும் அப்போது வரவில்லை. ரூபாய் உள்நாட்டில் அடையாள நாணயமாகப் புழங்கும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும்போது அரசாங்கம் லண்டனில் வைத்துள்ள தங்கத்தைக் கொண்டு பவுனாக மாற்றித் தரும் என்ற ஏற்பாடு தானாக வளர்ந்தது. இதற்குத் தங்கச் செலாவணித் திட்டம் என்று பெயர். ஜான் மேனார்டு கெயின்ஸ் 1913இல் இந்திய நாணயத்தைப் பற்றி எழுதிய நூலில் இம்முறையைச் சிறந்த ஏற்பாடென்று பாராட்டினார்.

முதல் உலகப் போர் அந்த ஏற்பாட்டைக் குலைத்தது. போரினால் வெள்ளி விலை ஏறியது. வெள்ளி அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டினால், ரூபாயிலுள்ள வெள்ளியே 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கு மேல் பெறும். மக்கள் ரூபாயை உருக்கத் தொடங்கிவிடுவார்கள். எனவே அரசாங்கம் விகிதத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போயிற்று. 1919இல் அமைந்த பாபிங்டன் ஸ்மித் குழு, ரூபாயைத் தங்கக் கணக்கில் 2 ஷில்லிங்காக நிறுத்தலாம் என்றது. அக்குழுவில் தாதிபா தலால் என்னும் பம்பாய்க்காரர் ஒருவர் மட்டும் இது நடவாத காரியமென்று தனிக் குறிப்பு எழுதினார். அவர் சொன்னதே நடந்தது. 1920 பிப்ரவரியில் அரசாங்கம் புது விகிதத்தை ஏற்றது. சந்தையில் ரூபாய் சரியச் சரிய, அதைத் தாங்கிப் பிடிக்க ஐந்தரைக் கோடிப் பவுன் அளவுக்கு லண்டன் உண்டியல்களை மலிவு விலைக்கு விற்றது. வாங்கியவர்கள் ஆதாயம் பெற்றார்கள். நஷ்டம் இந்தியக் கஜானாவுக்கு. 1920 செப்டம்பர் முடிவில் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. 1921 தொடக்கத்தில் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே போயிற்று.

லண்டனில் ரூபாயை நம்பி வாழ்ந்த மாணவனுக்கு இதன் பொருள் என்ன? 2 ஷில்லிங் விகிதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு 100 பவுன். 1 ஷில்லிங் 4 பென்ஸ் விகிதத்தில் அதே ஆயிரம் ரூபாய்க்கு 66 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ். அனுப்பிய தகப்பன் குறைத்து அனுப்பவில்லை. பெற்ற பிள்ளையும் வீணாக்கவில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. முதல் பயணத்தில் பவுனாக உபகாரச் சம்பளம் பெற்றவர், இரண்டாம் பயணத்தில் ரூபாயைக் கொண்டு வாழ்ந்தபோது இப்படிப்பட்ட காலம் வாய்த்தது. அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: இந்த ரூபாயின் நோய் என்ன, எப்படி வந்தது, எதனால் தீரும்?

லண்டனில் அவர் நடத்திய வாழ்க்கை கடுமையானது. 1921, 1922ஆம் ஆண்டுகளில் அவர் தங்கியிருந்த, கிங் ஹென்றி சாலை பத்தாம் எண் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவில்லமாக்கியது. காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போவார். மூடும்போதுதான் வெளியே வருவார். நடுவில் உணவுக்கென்று அதிகம் செலவிட மாட்டார். இரவிலும் அறையில் படிப்பு. பம்பாயில் மனைவி ரமாபாய் வறுமையோடு குடும்பத்தை நடத்தி வந்தார். இத்தனைக்கும் இடையே 1921இல் எம்.எஸ்.சி. பட்டம் பெற்றார். 1922 அக்டோபரில் ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சி நூலை டி.எஸ்.சி. பட்டத்துக்காக அளித்தார். இடையில் ஜெர்மனிக்குச் சென்று பான் பல்கலைக் கழகத்திலும் படிக்க முயன்றார்.

1923 ஏப்ரலில் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். ஆராய்ச்சி நூல் உடனே ஏற்கப்படவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை அது கடுமையாகக் கண்டித்தது தேர்வாளர்களுக்கு உறுத்தியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். திருத்தி எழுதும்படி கூறப்பட்டது. அவர் பம்பாயிலிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மட்டும் மாற்றவில்லை. 1923 நவம்பரில் பட்டம் கிடைத்தது. டிசம்பரில் ரூபாயின் பிரச்சினை, அதன் தோற்றமும் தீர்வும் என்ற பெயரில் லண்டனில் நூல் வெளிவந்தது. தம் கல்விக்காகப் பெற்றோர் செய்த தியாகத்தை நினைந்து நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார். ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் முடிவுகளில் தமக்கு உடன்பாடில்லாத இடங்களையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய சிந்தனையின் புதுமையைப் பாராட்டவும் தவறவில்லை. அப்படிப்பட்ட ஆசிரியர் வாய்ப்பதும் ஒரு பேறுதான்.

அந்நூலின் கருத்தைச் சுருக்கமாகக் கூறலாம். கெயின்ஸ் புகழ்ந்த தங்கச் செலாவணித் திட்டத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. பவுனோடு விகிதம் அசையாமலிருந்தால் நாணயம் நலமாயிருக்கிறது என்று ஆட்சியாளர் மகிழ்ந்திருந்தனர். அது போதாது என்றார் அவர். நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் பவுனைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் ரூபாயைக் கொடுத்து வாங்குவது அரிசி, உப்பு, துணி. ஆகவே ரூபாய் எத்தனை பென்ஸ் பெறும் என்பதைவிட, எவ்வளவு பண்டம் பெறும் என்பதே பெரிய கேள்வி. புது ரூபாய் அடிக்கும் அதிகாரம் எல்லையில்லாமல் அரசாங்கத்தின் கையில் இருக்கும் வரை, அது தேவைக்கு மேல் அடிக்கும், ரூபாய் பெருகும், பண்டங்களின் விலை ஏறும். இதற்கு அவர் சொன்ன மருந்து இது: வெள்ளி ரூபாய் அடிப்பதை மக்களுக்கு மூடியது போல அரசாங்கத்துக்கும் மூடிவிட வேண்டும், தங்க நாணயசாலை திறந்து, தங்க நாணயத்துக்கும் ரூபாய்க்கும் ஒரு விகிதம் நிர்ணயிக்க வேண்டும், ரூபாயைத் தங்கமாக மாற்றித் தரும் பொறுப்பு வேண்டாம், ரூபாயின் அளவு வரையறுக்கப்பட்டிருந்தால் அதுவே அதன் மதிப்பைக் காக்கும்.

தங்கம் நாணயத்தின் அடிப்படை என்ற நிலை உலகில் மறைந்துவிட்டது. அதனால் அவர் கூறிய மருந்து பழையதாகிவிட்டது என்று சொல்லலாம். அவர் கண்டறிந்த நோய் பழையதாகிவிடவில்லை. நோட்டு அச்சடிக்கும் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டுமா, அதை அரசாங்கத்திடமே விட்டுவிடலாமா என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்து கொண்டுதான் இருக்கிறது.

1925இல் ஹில்டன் யங் தலைமையில் இந்திய நாணயத்தை ஆராய ராயல் கமிஷன் அமைந்தது. அதன் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். அப்போது நாடே இரு கட்சியாய்ப் பிரிந்து ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா? இரண்டு பென்ஸுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைக்க வேண்டாம். 100 பவுனுக்குப் பஞ்சு ஏற்றுமதி செய்யும் வியாபாரிக்கு முதல் விகிதத்தில் 1500 ரூபாய் கிடைக்கும்; இரண்டாவதில் 1333 ரூபாய் 5 அணா 4 பைதான். பஞ்சாலை முதலாளிகளும் ஏற்றுமதி வணிகரும் 1 ஷில்லிங் 4 பென்ஸே தேசத்தின் நலம் என்றனர். அரசாங்கம் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றது. தேசியவாதிகளிற் பெரும்பாலோர் வணிகர் பக்கம் நின்றனர்.

அம்பேத்கர் இரு தரப்பாரும் தொடாத இடத்தைத் தொட்டார். ரூபாயின் மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதியாளருக்கு ஆதாயம் என்பது உண்மை. அந்த ஆதாயம் எங்கிருந்து வருகிறது? ரூபாய் மதிப்பிழந்தால் பண்டங்களின் விலை முதலில் ஏறுகிறது. தொழிலாளியின் கூலி அத்தனை விரைவில் ஏறுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் கூலிக்காரன் தட்டில் குறைவதுதான் முதலாளியின் பெட்டியில் கூடுகிறது. ஆகவே அது நாட்டுக்கு வந்த லாபமன்று. நாட்டில் ஒரு வகுப்பாரிடமிருந்து மற்றொரு வகுப்பாருக்குச் சென்ற பணமே. மாற்று விகிதத்தைப் பேசும்போது தேசம் என்ற ஒரே சொல்லால் எல்லோரையும் மூடிவிடாமல், யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. சாக்குத்துணியில் தனியே உட்கார்ந்து படித்தவருக்கு, தேசம் என்பதற்குள்ளே எத்தனை பிரிவுகள் உண்டு என்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கமிஷன் 1 ஷில்லிங் 6 பென்ஸையே பரிந்துரைத்தது. பம்பாய் வணிகப் பெருமகன் சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் மட்டும் 1 ஷில்லிங் 4 பென்ஸே வேண்டுமென்று மாற்றுக் குறிப்பு எழுதினார். 1927இல் சட்டம் நிறைவேறியது. நாட்டுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்றும் அக்கமிஷன் கூறியது. 1935 ஏப்ரல் 1ஆம் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கியது. அவ்வங்கியை அம்பேத்கர் ஒருவரே தோற்றுவித்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது மிகை. பலருடைய சாட்சியங்களும் ஆராய்ச்சிகளும் சேர்ந்தே அந்த முடிவு உருவாயிற்று. அவற்றுள் அவருடைய குரலும் ஒன்று. உண்மையே அவருக்குப் போதிய பெருமை தருகிறது. கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ரூபாய் விகிதச் சட்டம் நிறைவேறிய அதே 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அம்பேத்கர் மகாட் நகரில் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்குச் சென்று தண்ணீரை அள்ளிக் குடித்தார். பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக நடந்த அறப்போர் அது. அதன் பிறகு அவருடைய நாட்கள் நாணய ஆராய்ச்சிக்கு உரியனவாய் இருக்கவில்லை. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் லண்டனில் இருந்தபோது, பிரிட்டன் தங்கத்தைக் கைவிட்டது. ரூபாயும் பவுனின் வாலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னே சென்றது. பத்தாண்டுகளுக்கு முன் அதே நகரில் நாணயத்தை ஆராய்ந்தவர், அப்போது தம் மக்களின் உரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்தார். 1949 செப்டம்பரில் பவுனோடு ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டு, டாலருக்கு 3 ரூபாய் 31 காசு என்ற அளவிலிருந்து 4 ரூபாய் 76 காசு என்ற அளவுக்கு மாறியபோது, அவர் சட்ட அமைச்சராக அரசியல் சட்ட வேலையில் மூழ்கியிருந்தார்.

ஆனால் பழைய காதல் அவரை விடவில்லை. 1947இல் தம் நூலை இந்திய நாணய வங்கி வரலாற்றின் முதற் பாகம் என்ற பெயரில் மறுபதிப்பாக வெளியிட்டார். 1923க்குப் பிந்திய வரலாற்றை இரண்டாம் பாகமாக எழுத எண்ணியிருந்தார். அரசியல் சட்டம், பதவி, 1951இல் பதவித் துறப்பு, நோய், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியது என்று காலம் ஓடிவிட்டது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் அவர் மறைந்தார். இரண்டாம் பாகம் எழுதப்படவேயில்லை.

அவர் மறைந்து பத்து ஆண்டுகள் முடியுமுன், 1966 ஜூனில் டாலருக்கு ஏழரை ரூபாய் ஆயிற்று. பிறகு பல மாற்றங்கள் வந்து, ஒரு காலத்தில் பத்து ரூபாய்க்குக் கிடைத்த பவுனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கும் காலமும் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏற்றுமதி பெருகும் என்று ஒரு சாராரும், விலைவாசி ஏறும் என்று மற்றொரு சாராரும் வாதாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கிச் செல்லும் நம் தோழர்கள், சேர்ந்த நாளில் போட்ட கணக்கு இரண்டாம் ஆண்டில் பொய்த்துப் போவதையும் காண்கிறார்கள்.

மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கரின் எழுத்துத் தொகுப்பில் ஆறாம் தொகுதி அவருடைய பொருளாதார நூல்களைக் கொண்டது. நம் பல்கலைக் கழக நூலகங்களில் அது இருக்கும். பொருளாதாரம் படிக்கும் தோழர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். கணக்கும் பட்டியலும் நிறைந்த நூல்தான், எளிதில் ஓடாது. ஆனால் அரைவயிற்றோடு நூலகத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் எழுதியது அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், அந்தப் பட்டியல்களிலுள்ள ஷில்லிங்கும் பென்ஸும் யாரோ ஒருவருடைய ஒருவேளைச் சோறு என்பது விளங்கும்.